விமானத்துக்கு மாமா பொறுக்கிய டயர்

எங்கள் ஊருக்கு மேலே அந்தக் குட்டி விமானம் முதன்முதலாகப் பறந்துபோன அன்று ஊரே அண்ணாந்து நின்றது. ஆடு மேய்த்தவர்கள் பார்த்தார்கள். ஆடுகளும் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். பசுவந்தனை ரோட்டோரத்தில் மாமாவின் டயர் கடை. கடைக்குப் பின்னாலேயே மாமாவின் கரிசல் காடு. அதில் அத்தை கடைசிப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், பிடித்திருந்த மடியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, சத்தம் அடங்குகிற வரைக்கும் அப்படியே நின்றாள். மடிப்பருத்தியெல்லாம் காலடியில் சிந்திப் போனது. மாமா மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பருத்தி வீணாகிறதே என்று பார்க்கிறார் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அது எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது. ஏனென்றால் மாமாவுக்கு விமானம் என்றால் உயிர். கடைச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே காலண்டரிலிருந்து வெட்டிய விமானப் படம் ஒன்றையும் ஒட்டி, வெள்ளிக்கிழமை பத்தி காட்டும்போது அதற்கும் சேர்த்துக் காட்டுவார். தூத்துக்குடிக்கு எந்த வேலையாகப் போனாலும் வாகைக்குளம் வழியாகச் சுற்றிப் போய், வேலிக்கு வெளியே நின்று ஒரு விமானமாவது இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். சாவதற்குள் ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்று கடைக்கு வருகிற லாரிக்காரர்களிடம் எல்லாம் சொல்வார். அத்தை அதைக் கேட்டுவிட்டு, முதலில் மச்சுப்படி ஏறும்போது மூச்சு வாங்காமல் ஏறட்டும் என்பாள்.

அந்த விமானம் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் மகனுடையது. வெளிநாட்டில் படித்து, ஓட்டவும் கற்றுக்கொண்டு வந்தவர். என் அம்மா அந்த ஆபீசில்தான் வேலை பார்த்தாள். அங்கே எல்லாருக்கும் அவர் சின்ன முதலாளி. தன் அப்பாவின் தரிசு ஒன்றைச் சமப்படுத்தி, இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பொடி தூவி, இறங்குதளம் என்று சொல்லி இறங்கினார். எங்கள் கரிசலின் குணம் அவருக்குப் பழக்கமில்லை. மழையில் காலைக் கவ்விக்கொள்ளும். கோடையில் பாளம் பாளமாக வெடித்து வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். விமானத்தின் சின்னச் சக்கரம் ஒன்று வெடிப்புக்குள் இறங்கி, கால் வளைந்து, இறக்கை மண்ணைத் தொட்டு நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வளைந்ததைச் சரிசெய்துவிட்டு அவர் மாமா கடைக்கு வந்தார். இரண்டு தினுசு டயர் ஜோடி கொண்டுவந்திருந்தார். ஒன்று நடுத்தரம். இன்னொன்று பூசணிக்காய் போல ஊதிப் பெருத்தது. வெளிநாட்டில் காட்டிலும் ஆற்று மணலிலும் இறங்குகிறவர்கள் அதைத்தான் மாட்டுவார்களாம். எது இந்த மண்ணுக்குச் சரி என்று அண்ணாச்சிதான் சொல்ல வேண்டும் என்றார். மழை விழுந்ததும் விமானத்தை வெளியூர் கொண்டுபோய்விடுவாராம். அதற்குள் ஒரே ஒரு சவாரி. அது டயர் பொறுக்கிக் கொடுக்கிற வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மாமா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அத்தை சோற்றை எடுத்து மூடிவைத்துவிட்டு, “வெளியில ஊதுத காத்துல பாதிய வயித்துக்குள்ள அடிச்சி வச்சிருக்கீய. அந்தப் பிளேன் தாங்குமா?” என்றாள். மாமா வயிற்றைத் தடவிக்கொண்டார்.

அவர் டயரைப் பரீட்சை செய்த விதத்தை இன்றைக்கும் நினைத்து நினைத்து வியக்கிறேன். கடையில் கிடந்த தள்ளுவண்டியின் அச்சில் முதலில் நடுத்தர டயரை மாட்டினார். விமானத்தின் எடைக்குச் சரியாக உளுந்து மூட்டைகளை ஏற்றினார். மூட்டைக்கு மேல் ஒரு தூக்குவாளியில் தளும்பத் தளும்பத் தண்ணீர். வண்டியை மோட்டார் சைக்கிளில் கட்டி வெடித்த காட்டில் இழுத்துப் போனார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் டயரில் கொஞ்சம் காற்றை இறக்குவார். இறங்கி, குப்புறப் படுத்து, வெடிப்பின் உதட்டை டயர் எவ்வளவு உடைத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு தடவை அவருடைய ஸ்பேனர் வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. கையை விட்டுத் துழாவிய சின்ன முதலாளியிடம், “விடுங்க மொதலாளி, அது அடுத்த வருசம் உழவுல வரும்” என்றார்.

காற்றை இறக்க இறக்க வண்டியின் குலுக்கம் குறைந்தது. நடுத்தர டயர், வெடிப்பின் மேல் பூனை நடப்பதுபோல நடந்தது. தூக்குவாளியில் தண்ணீர் கொஞ்சம்தான் சிந்தியிருந்தது. பெரிய டயரையும் மாட்டி இழுத்தார்கள். அது இன்னும் மெத்தென்று போனது. தண்ணீர் சிந்தவே இல்லை. ஆனாலும் நடுத்தரமே போதும் என்று மாமா வாய்விட்டுச் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்போதுதான் சின்ன முதலாளி எடைக் கணக்கை எடுத்தார். விமானம் தூக்குகிற கனத்துக்கு ஓர் அளவு உண்டு. பெரிய டயர் கனம் கூடுதல், காற்றையும் தடுக்கும். அதை மாட்டினால் பக்கத்தில் உட்காருகிற ஆள் எடை குறைந்தவராக இருக்க வேண்டும். நடுத்தர டயர் என்றால் அண்ணாச்சி தாராளமாக வரலாம் என்றார். பருத்திக் கடைத் தராசில் மாமா ஏறி நின்றார். பருத்திக்கடைக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, இந்தப் பருத்தித் தாட்டு மூட்டையில் ஈரத்துக்கு எடை கழிக்க வேண்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் மாமா அளவுக்குள்தான் இருந்தார். என்னையும் ஏற்றினார்கள். வழியில் போன அத்தையையும் மாமா கூப்பிட்டு ஏற்றினார். அவள் ஒரு மக்காச்சோள மூட்டைக்குக் கூட வரவில்லை.

மாமா தராசு முள்ளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து, “பெரிய டயரையே போடுங்க மொதலாளி” என்றார்.

சின்ன முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அண்ணாச்சி, அதப் போட்டா நீங்க ஏற முடியாதே.”

“மண்ணு அப்பிடி. நாம என்ன செய்ய?”

நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். எடை குறைந்த ஆள் நான்தானே. ஆனால் சின்னப் பிள்ளைகளை ஏற்றமாட்டேன் என்று சின்ன முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் மிச்சம் இருந்தது அத்தைதான். அவள் ஒரே பிடியாக மறுத்தாள். பருத்தி கிடக்கிறது, கோழி அடைகாக்கிறது, மேலே போய் நான் என்ன வெட்டி முறிக்கப்போகிறேன் என்றாள். மாமா கெஞ்சவில்லை. “அவிய நமக்குன்னு ஒதுக்குன எடம். சும்மா போகுது, ஏறிட்டு வாட்டி” என்று மட்டும் சொல்லிவிட்டு டயருக்குக் காற்று பார்க்கப் போய்விட்டார்.

புது வண்டிக்குச் செய்கிற எதையும் மாமா விடவில்லை. பெரிய சக்கரங்களுக்குச் சந்தனம், குங்குமம். முன்னால் இரண்டு டயருக்கும் வாலுக்கடியில் இருந்த குட்டி டயருக்கும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். அத்தை கல்யாணப் பட்டை உடுத்தி வந்திருந்தாள். ஏறும்போது கோயிலுக்குள் நுழைகிற மாதிரி செருப்பைக் கழற்றிக் கீழே விட்டாள். மாமா அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அத்தனை பெரிய வெடிப்புகளின் மேல் அந்தப் பூசணி டயர்கள் அலுங்காமல் உருண்டு, ஓர் இடத்தில் மண்ணை விட்டன. ஊர் முழுக்க விமானத்தின் பின்னால் ஓடியது. மாமா ஓடவில்லை. செருப்போடு நின்ற இடத்திலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்.

அத்தை இறங்கிவந்தாள். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அவள் மாமாவைத் தேடி வந்துதான் வாயைத் திறந்தாள்.

“நம்ம காடு ஆமை முதுகு கணக்கா கெடக்கு. நீங்க இங்கன எறும்பாட்டம் நின்னீய.”

“டயரு குலுங்குச்சா?”

“குலுங்கல.”

மாமா செருப்பைக் கீழே போட்டார். அத்தை போட்டுக்கொண்டு, கோழியைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு அவள் யாரையும் வையவில்லை.

முதல் மழைக்கு முன்னால் சொன்னபடியே விமானம் ஊரை விட்டுப் போய்விட்டது. பிறகு வரவில்லை. மாமா வாகைக்குளத்து வேலியோரம் நின்று பார்ப்பதோடு சரி.

எனக்கு ஆறவில்லை. ஒருநாள் கடையில் அவர் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டே விட்டேன். தண்ணீர் கொஞ்சம்தானே சிந்தியது, நடுத்தர டயரே போதும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அதைப் போட்டிருந்தால் நீங்கள் ஏறியிருக்கலாமே என்றேன்.

மாமா டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்தார்.

“ஆமா மருமவனே” என்றார். “மாமா கணக்கு தப்பிப் போச்சு.”

டயர் விஷயத்தில் ஒருநாளும் தப்பாத மனிதருக்கு, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, அதுவும் விமானம் ஏறுகிற நேரம் பார்த்துக் கணக்கு தப்பிவிட்டதே என்று அவருக்காக நான் வெகுநாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். விமானம் முதன்முதலாக வந்த அன்று, ஊரே வானத்தைப் பார்த்தபோது அவர் காட்டில் எதைப் பார்த்தார் என்று கேட்கத் தோன்றவே இல்லை.