கடன்காரன் என்ற சொல்

"ஆரோ எழுதிக் குடுத்த கடன் கடதாசியைக் கட்டி வைச்சுக்கொண்டு அதைச் சேமிப்பு எண்டுறாய். உதைப் படிக்கவோ பிள்ளை கொழும்புக்குப் போகப்போறாய்?"

அப்பாவின் தம்பியான குஞ்சியப்பா இப்படிக் கேட்டபோது, வெறும் மண்ணெண்ணெய்க் கானைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தபடி வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் கானுக்கும் என் படிப்புக்கும் தொடர்பு உண்டு. நாட்டில் டொலர் தீர்ந்துபோன காலத்தில், பண்டத்தரிப்பில் எங்கள் தோட்டத்து இறைப்பு மிசினுக்கு எண்ணெய் கிடைக்கவில்லை. குஞ்சியப்பா அதே கானுடன் வெயிலில் வரிசையில் நின்று வெறுங்கையுடன் திரும்புவார். வெங்காயம் பாதியில் வாடியது. டொலர் இல்லையாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்த டொலர் எங்கே, எந்த வடிவில் இருந்தது என்ற கேள்வி பட்டப்படிப்பில் இருந்த என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் நாடும் ஓர் அயல்நாடும் தத்தம் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் எவ்வளவை வேறு நாடுகளின் கடன் பத்திரங்களாக வைத்திருக்கின்றன என்று ஒப்பிடுவதையே மேற்படிப்புக்கு எடுத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்; அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அப்பா இல்லாத வீட்டில் கடைசிச் சொல் குஞ்சியப்பாவுடையது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு விளங்கப்படுத்து. விளங்கினால் போ."

மூன்று தரம் விளங்கப்படுத்தித் தோற்றேன். "கடன் பத்திரம் வைச்சிருக்கிறவன் கடன்காரன்தானே?" என்பதிலேயே நின்றார். அப்போதுதான் சிக்கல் அந்தச் சொல்லில் இருப்பது தெரிந்தது. கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன் என்று இரண்டு பேருக்கும் ஒரே பெயரை வைத்திருக்கிறோம்.

"முந்தி எங்கடை காணியை ஈடு வைச்சபோது காணி உறுதிப் பத்திரம் ஆரிட்டை இருந்தது?" என்று கேட்டேன்.

"காசு தந்தவரிட்டை."

"அப்ப நித்திரையில்லாமல் கிடந்தது ஆர்?"

"நான்தான்!" என்று சிரித்தார். "அப்ப கடதாசி வைச்சிருக்கிறவனுக்குப் பயமில்லை."

"அவருக்கும் ஒரு பயம் இருக்கு, குஞ்சியப்பா. பத்திரம் வட்டி தரும். ஆனால் அவசரத்துக்கு விக்கப்போனால் விலை விழலாம், ஈரவெங்காயத்தை விக்கிற மாதிரி. வங்கியிலை போட்ட காசு அப்பிடியில்லை, வட்டி குறைஞ்சாலும் கெதியாய் எடுக்கலாம். இரண்டு நாட்டிட்டையும் ஒரேயளவு இருந்தாலும், என்னவாய் வைச்சிருக்கினம் எண்டதிலைதான் வித்தியாசம்."

கட்டின பிடியைக் கீழே வைத்தார். "அப்ப அண்டைக்கு என்ரை மிசினுக்கு ஏன் எண்ணெய் வரேல்லை?"

"முழுசாய்ச் சொல்ல எனக்கு இன்னும் தெரியாது. அதுக்குத்தான் போறன்."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே, விசரி. போயிட்டு வா."

இந்த முறை விடுமுறைக்கு வந்தபோது கான் கவிழ்ந்திருக்கவில்லை. மூடி இறுக்கி, நிரப்பி, மூலையில் வைக்கப்பட்டிருந்தது. குப்பி விளக்குக்குக் கொஞ்சம் எடுக்கப்போன அம்மாவை அவர் தடுத்தார். "தொடாதையுங்கோ அண்ணி, உது என்ரை கையிருப்பு."

ஆய்வின் முதல் அத்தியாயத்தைக் கையளித்துவிட்டேன். அவர் வாசிப்பதற்கென்று தமிழிலும் எழுதி நேற்றுக் கையில் கொடுத்தேன். அதில் கடன்காரன் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.