அக்கா எங்களை விட்டுவிட்டு ராட்டினம் ஏறிய ஞாயிறு

எங்கள் அன்பு அக்கா கண்மூடி ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் வணக்கம். "குறை ஒண்ணும் எழுதிறாதீங்க சின்னக்கா, நாலு பேரு படிப்பாங்க" என்று தம்பி கேட்டுக்கொண்டான். நிறைகளைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

டயகமவில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடொன்றில் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. அப்பா முன்பே போய்விட்டார். நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டில் அம்மாவும் போனபோது, தாவணி வயசில் இருந்த அக்கா கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார். நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போனோம். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அக்கா ஒரு நாளும் பிந்தியதில்லை. பெண் கேட்டு வந்தவர்களை, "இதுக ரெண்டும் கரையேறட்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

சிக்கனத்தில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அம்மாவின் சேலை எனக்குப் பாவாடையாகி, தம்பிக்குத் தலையணை உறையாகி, கடைசியில் அடுப்படித் துணியாகும். அதற்காகக் கஞ்சர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சம்பளத்தன்று அரிசிக்கும் பள்ளிக்கும் போக மிஞ்சும் சில்லறையை ஒரு பால்மா டின்னில் போட்டு, "இது சிரிப்புக் காசு. இதுல கைவச்சு அரிசி வாங்கக் கூடாது" என்பார். திருவிழா வளையலும் பலூனும் அந்தக் காசுதான். ஒருமுறை பஸ்ஸில் நுவரெலியாவுக்குப் போய் ஏரியைப் பார்த்ததும் அதில்தான்.

அட்டனுக்குக் கார்னிவல் வரப்போகிறது என்று தெரிந்ததும், சிரிப்புக் காசு பத்தாது என்றார். நானும் தம்பியும் பாலில்லாத சாயத்தண்ணிக்கு உள்ளங்கையில் வைத்து நக்கும் சீனியை விட்டுக்கொடுத்தோம்; அந்தக் காசும் டின்னுக்குப் போனது. வெறும் சாயத்தண்ணியை முகம் சுளித்துக் குடித்தபடியே ராட்டினத்தில் யார் ஓரத்தில் உட்காருவது என்று சண்டை போட்டோம். கார்னிவலும் வந்தது. "காசு பத்தல சாமி. அடுத்த வருசம் மூணு பேருமா போவோம்" என்று அக்கா சொல்லிவிட்டார். தம்பி அழுதான். நான்தான் அவனைச் சமாதானப்படுத்தினேன். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிய காலம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் சின்னம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, ஒரு பாண் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அக்கா பஸ் ஏறினார். பொழுது சாய்ந்து வந்தார். "சின்னம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். "தேவலாம்" என்றார்.

அடுத்த வாரம் சின்னம்மாவே வெற்றிலை மென்றபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். "என்ன புள்ளைகளா, இருக்கேனா செத்தேனான்னு பாக்க ஒருத்தரும் வரமாட்டேங்கிறீங்க?"

"காய்ச்சல் விட்டுருச்சா சின்னம்மா?" என்றான் தம்பி.

"எனக்கேதுடா காய்ச்சலு?"

அக்காவோடு கொழுந்து எடுக்கும் பக்கத்து வீட்டுப் பெண் அங்கே நின்றிருந்தார். எதையும் மூடி மறைக்கத் தெரியாதவர். "ஐயோ, புள்ளைககிட்டச் சொல்லலியா? நாங்க பொம்பளைங்கல்லாம் சேந்து கார்னிவலுக்குல்ல போனோம். ராட்டினத்துல ஒங்க அக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே, கீழ நின்ன சனமெல்லாம் அண்ணாந்து பாத்துச்சு!" என்றார்.

நான் அடுப்படிக்கு ஓடி டின்னை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

"காசு பத்தலன்னு பொய்தானே சொன்னீங்க?"

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே, "பொய் இல்ல. மூணு பேருக்குப் பத்தல. ஒருத்திக்குப் பத்துச்சு" என்றார். விறகை உள்ளே தள்ளிவிட்டு, "ஒரு நாளு யாருக்கும் அக்காவா இல்லாம இருந்து பாக்கணும்னு தோணுச்சுடி" என்றார். அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

சீனி போனால் போகட்டும். எங்களுக்குத் தெரிந்த அக்கா பல் தெரியச் சிரித்ததில்லை. நாங்கள்தான் அவருடைய சந்தோஷம் என்று மலைபோல் நம்பியிருந்தேன். எங்களை விட்டு விலகிப் போனால்தான் அவருக்குச் சந்தோஷம் வருமென்று அன்றுதான் தெரிந்தது. அது எனக்குத் துரோகமாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

மறுவருஷம் சொன்ன சொல் தவறாமல் எங்களைக் கூட்டிப்போனார். "நீங்களும் ஏறுங்க அக்கா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "எனக்குத் தலை சுத்தும். வீண் காசு" என்று எங்கள் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு கீழேயே நின்றார். நான் மேலே போகும்போதெல்லாம் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். வீட்டில் இருக்கும் அதே முகம்.

நான் ஆசிரியையானேன். தம்பிக்கு ராகலையில் கடைக் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்தது. நாங்கள் கரையேறிய பின்னும் அக்கா கூடையை இறக்கவில்லை. நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "ஆரஞ்சு வாங்காதீங்க, வெலை கூட" என்றுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே இருந்து பார்த்த சின்னம்மாவுக்கும், மழையிலும் பாடை சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். அன்று அக்காவை ராட்டினத்தில் ஏற்றிய பெண்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்கிறான் தம்பி. எனக்கு மனசார வரவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று பந்தி முடிந்ததும் போய்விடாமல், எங்கள் பக்கத்தில் சற்று உட்காருங்கள். அக்கா எப்படிச் சிரித்தார் என்று சொல்லுங்கள். கூடப் பிறந்த எங்களுக்குத் தெரியாது.