இரண்டாவது பேப்பர்

திருகோணமலையில் மூதூருக்குப் படகு ஏறும் இறங்குதுறை வாசலில் அவர் காவலாளி. ஒல்லி உடம்பு, தோளில் நிற்காத பெரிய சீருடை. மதியம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் முன் நிலத்தில் பழைய பேப்பர் இரண்டு விரிப்பார். ஒன்றில் அவர் இருந்து சாப்பிடுவார். எதிரே கிடக்கும் மற்றதில் ஒருவரும் வந்து இருந்ததை நான் கண்டதில்லை.

நான் சித்திரக்கதை வரைகிறவன். சந்தோஷத்தைத் தேடி அலையும் தனி மனிதர்கள்தான் என் சரக்கு. அவர்களோடு பேச்சுக் கொடுக்கமாட்டேன். கொடுத்தால் படம் கெட்டுவிடும் என்பது என் கொள்கை. எதிரே வாகை மரத்தடியில் இருந்து இரண்டு மாதம் அவரை வரைந்தேன். அந்த வெறும் பேப்பரை அவருடைய இறந்துபோன மனைவியின் இடமாக்கினேன். கடைசிக் கட்டத்தில் அவர் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

புத்தகம் அச்சானதும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்துப் பார்த்தார்.

“வடிவாக் கீறியிருக்கிறீங்கள் தம்பி. ஆனா என்ர மனுசி பாலையூற்றில உயிரோட இருக்கிறா. இதை அவவுக்குக் காட்ட ஏலாது.”

“அப்ப மற்றப் பேப்பர் ஆருக்கு?”

“உங்களுக்குத்தான். ஒவ்வொரு நாளும் மரத்தடியில தனிய இருக்கிறீங்கள். ஒரு நாளைக்கெண்டாலும் சாப்பிட வருவீங்களெண்டு விரிச்சனான்.”

அடுத்த நாள் அவர் ஒரு பேப்பர்தான் விரித்தார்.

அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்து அழுததாக வாசகர்கள் இன்னும் எழுதுகிறார்கள். நான் நன்றி என்று பதில் போடுகிறேன்.