ஐந்து லைன் சபையில் முனுசாமி

காலை ஷிப்ட் முடிந்து சுரங்கக் குழியின் ஷாப்டிலிருந்து மேலே வந்தபோது, ஏரிக்கரை லைன் ஆட்கள் வேலைக்கு இறங்காமல் ஒதுங்கி நின்றிருந்தார்கள். "முனுசாமி அண்ணன் பூட்டாரு" என்றான் ஒருவன். பாறைத்தூசு அரித்த நெஞ்சு, நாள் நெருங்குவது தெரிந்ததுதான்.

அவரோடு பழகியவர்களுக்கு எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு வந்து ஐந்து லைன்களில், அதாவது தொழிலாளர் குடிசை வரிசைகளில், குடியேறிய நாங்கள், தண்ணீர் வண்டிக்காக நிர்வாகத்திடம் தனித்தனியே கெஞ்சிப் பார்த்துவிட்டு ஒரே சபையாகச் சேர்ந்தோம். லைனுக்கு ஓர் ஆள், ஓர் ஓட்டு. முனுசாமி ஆளாக வந்த ஏரிக்கரையில் முப்பது குடிசைதான். நான் ஆளாக வந்த எங்கள் லைன் ஐந்திலும் பெரியது. இரண்டு லைனுக்கும் ஒரே ஓட்டு என்பது எங்களை உறுத்தியது.

தலைக்கணக்குப்படிதான் ஓட்டு என்று தீர்மானம் கொண்டுவந்தவன் நான். தண்ணீர் பிடிக்க முதல் முறை தருவதாகச் சொல்லி இரண்டு லைன்களை என் பக்கம் இழுத்தேன். மூன்றுக்கு இரண்டு என்று நிறைவேறியது. முனுசாமி கோபப்படவில்லை. "இன்னிக்கி எங்க வாய மூடிட்டீங்க. நாளிக்கி ஒங்களுக்குக் கை தூக்குனவங்க வாயயும் மூடுவீங்க" என்றார்.

அந்தக் கோடையில் வண்டி ஏரிக்கரைக்குக் கடைசியாகப் போனது. பல நாள் காலியாகவே போனது. அவர்கள் குட்டைத் தண்ணீரைக் குடித்தார்கள். வாந்திபேதியில் அவருடைய ஆறு வயது மகள் செல்லி இறந்தாள். நான் துக்கம் கேட்கப் போனேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வாய்யா, குந்து" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சபையை விட்டுப் போய்விடலாம் என்று அவருடைய லைனே கொதித்தது. "வெளிய பூட்டா நம்ம பேச்ச யாரு கேப்பா? உள்ள குந்தினே கேப்போம்" என்றார் அவர். அதற்குள், எனக்குக் கைதூக்கிய இரண்டு லைன்களின் முதல் முறையையும் நாங்கள் பிடுங்கியிருந்தோம். ஷிப்ட் முடிந்ததும் இருமிக்கொண்டே லைன் லைனாக நடந்தார் முனுசாமி. நான்கு லைன்களும் சேர்ந்தன. அடுத்த கூட்டத்தில் அந்தத் தலைக்கணக்கிலேயே நாங்கள் தோற்றோம்.

எங்கள் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒரே விதி: ஒரு லைன் சம்மதிக்காமல் அதன் தண்ணீர்ப் பங்கில் யாரும் கைவைக்கக் கூடாது. "பெரிய லைனுக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார், என்னைப் பார்த்து.

வெட்கம் தாங்காமல், சபையிலிருந்து விலகுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். "இன்னாய்யா, தப்பு பண்ணவன் ஓடிட்டா, அத்த யாரு சரி பண்றது?" என்று விடவில்லை. செல்லியைப் பற்றி நான் வாயெடுத்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னிப்புக் கேட்க எனக்கு மறுபடி நாள் வாய்க்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். எந்தத் தீர்மானத்துக்கும் சம்மதம் சொல்லுமுன், யார் இன்னும் பேசவில்லை என்று சுற்றிப் பார்ப்பேன். அவர் போன பிறகு நேற்று நடந்த முதல் கூட்டத்திலும் அப்படித்தான் பார்த்தேன். ஏரிக்கரை லைனின் இடம் காலியாக இருந்தது. சபைத் தலைவர் ஓட்டுக்காக என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார். அந்தக் காலி இடத்தைக் காட்டி, "ஏரிக்கரை இன்னும் பேசல" என்றேன்.