கால்வாயில் இறங்கிய அம்மா

இன்று காலை மருமகள் ஏரியில் இறால் பிடித்துவிட்டுக் கரையேறி வந்தாள். அவள் புடவையில் வீசிய சேற்று வாடை, கடலுக்கு அப்பால் இருக்கும் பத்தாவியா பட்டணத்துக்கே என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரர் கப்பலில் வேலைக்குப் போன சித்தப்பா, அந்தப் பட்டணத்திலேயே தங்கிவிட்டார். அவரைப் பார்க்க நைனா, அம்மா, நான் மூவரும் பழவேற்காட்டில் கப்பலேறினோம். போய் இறங்கிய அன்று துறையில் சித்தப்பா இல்லை. எங்கள் பேச்சு அங்கே யாருக்கும் புரியவில்லை. ஒரு கால்வாய்க் கரையில் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தோம். நான் பசியில் அழுதேன்.

அம்மா மூட்டையைப் பிரித்து, இறால் போடும் பனையோலைப் பறியை எடுத்தாள்.

"இன்னா பண்ற? எல்லாரும் பாக்குறாங்க" என்றார் நைனா.

"பாக்கட்டும். புள்ள பசியில கெடக்குது."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். பறியைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவினாள். கூட்டம் கூடிவிட்டது. சிலர் சிரித்தார்கள். நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது தூரத்துப் படகு ஒன்றிலிருந்து யாரோ தண்ணீரில் குதித்து ஓடிவந்தார். சித்தப்பா!

"கப்பல் வந்ததே தெரியாது அண்ணி. எறா தடவுற கையப் பாத்தேன், நம்மூரு பொம்பளன்னு தெரிஞ்சிபோச்சி. கிட்ட வந்தா நீங்க!"

அவர் தேம்பி அழுதார். அம்மா சேற்றுக் கையாலேயே அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். கரையில் நின்ற நைனா, அத்தனை பேர் பார்க்க, வேட்டியோடு தண்ணீரில் இறங்கிப்போய் இருவரையும் கட்டிக்கொண்டார்.