நான் பிணமாக நடித்த நாடகம்

நாமக்கல்லில் ஓர் உறைவிடப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்தால்தான் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். வருடம் முழுக்க விடியற்காலைப் படிப்பு, இரவுப் படிப்பு என்று ஓடிவிட்டு, பங்குனி பிறந்ததும் திடீரென்று வேலையில்லாமல் நிற்கும்போது என்ன செய்வதென்றே தெரியாது. அப்படி நின்றிருந்த ஒரு சனிக்கிழமை சேலத்துக்குத் துணி எடுக்கப் போனோம். கடை வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வசந்தகாலக் கலைவிழாவாம். பாட்டுக் கச்சேரிகள், ஓவியக் கண்காட்சி, கடைசி நாள் நாடகம். நடிக்க விருப்பமுள்ளவர்கள் பயிற்சிக்கு வரலாம், முன் அனுபவம் தேவையில்லை.

சேலத்தில் வசந்தகாலம் எப்போது வந்து எப்போது போகிறது என்று நான் கண்டதில்லை. மாசிப் பனி விட்ட கையோடு கானல் பறக்க ஆரம்பித்துவிடும். ஆனாலும் அந்த ‘முன் அனுபவம் தேவையில்லை’ எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது.

திரும்பி வரும்போது காரில் என் கணவரிடம் சொன்னேன். அவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அதிகம் பேசாதவர்.

“ஏனுங்க, நான் நாடகத்துல நடிக்கலாமுன்னு இருக்கறனுங்க.”

ராசிபுரம் தாண்டும்வரை அவர் முன்னால் போன லாரியின் பாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அப்புறம் கேட்டார்:

“என்ன வேசம்?”

“இன்னும் தெரியாதுங்க.”

“சாமி வேசமுன்னா நானே அம்மாகிட்டச் சொல்லீர்றேன். வேற என்னமோன்னா நீயே சொல்லிக்க.”

அம்மா என்பது என் மாமியார். எங்களோடுதான் இருக்கிறார். வீட்டில் எது நடந்தாலும் அவர் காதில் போட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

பயிற்சி சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களாகப் பார்த்து விழாக்காரர்கள் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். இயக்குநர் மதுரைப் பக்கத்து இளைஞர். தலைமுடியைப் பின்னால் குடுமியாக முடிந்திருப்பார். எதற்கும் கோபப்பட மாட்டார். முதல் நாள் எங்களை மழையில் நடப்பதுபோல் நடக்கச் சொன்னார். எனக்குப் புடவையைத் தூக்கிப் பிடிப்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. அடுத்த நாள் மரமாக நிற்கச் சொன்னார். என் பக்கத்து மரத்துக்குப் போன் வந்துகொண்டே இருந்தது.

அதற்கடுத்த பயிற்சியில் எல்லோரையும் தரையில் படுத்துக் கண்ணை மூடி, உடம்பை மறந்துவிடச் சொன்னார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சமைக்க வேண்டியதில்லை, விடைத்தாள் இல்லை, யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. நான் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது எல்லோரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். இயக்குநர் மண்டியிட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, இவ்வளவு நேரம் ஒரு ஆள் அசையாம இருந்து நான் பார்த்ததே இல்ல. உங்க உடம்புக்குள்ள பெரிய அமைதி இருக்கு.”

அது அமைதி இல்லை, அசதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்னை யாரும் அதற்குமுன் அப்படிப் பாராட்டியதில்லை.

அன்றே எனக்கு வேடம் முடிவாகிவிட்டது. நாடகத்தில் ஒரு தாய் இறந்துபோகிறாள். அவளை நடுவீட்டில் கிடத்திவிட்டுப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து எதையெதையோ பேசிச் சண்டை போடுகிறார்கள். ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தாய்தான் நான்.

“வசனம் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. ஆனா திரை தூக்குறதுல இருந்து இறக்குற வரைக்கும் மேடையில இருக்கிற ஒரே ஆள் நீங்கதான்.”

மூச்சுவிடுவதுதான் சிக்கலாக இருந்தது. வயிறு ஏறி இறங்குவது தெரியக் கூடாது. வீட்டில் பழகிப் பார்க்கலாமென்று ஒருநாள் சாயங்காலம் கூடத்தில் வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். என் கணவரைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வயிறு அசைகிறதா என்று பார்க்கச் சொன்னேன். அவர் போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கோயிலுக்குப் போயிருந்த மாமியார் உள்ளே வந்துவிட்டார்.

கையிலிருந்த தேங்காய் மூடி உருண்டு சோபாவுக்கடியில் போனது. நான் பதறி எழுந்து உட்கார்ந்தேன். அதைப் பார்த்து அவர் இன்னும் பயந்துபோனார்.

தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னோம். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

“ஏஞ் சாமி, ஊர்ல உசுரோட இருக்கற வேசமே இல்லையா?”

“முக்கியமான வேசமுங்க அத்தை.”

“செத்தவளுக்கு என்ன முக்கியம்?” என்றார். ஆனாலும் வேண்டாமென்று சொல்லவில்லை. சில நிபந்தனைகள் மட்டும் போட்டார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டக் கூடாது. மூக்கில் பஞ்சு வைக்கக் கூடாது. இடுப்பில் ஓர் எலுமிச்சம்பழம் முடிந்துகொள்ள வேண்டும். தெற்கே தலை வைக்கக் கூடாது, அது செத்தவர்களுக்கு. வடக்கேயும் கூடாது, அது உயிரோடு இருப்பவர்களுக்கு ஆகாது.

மண்டபத்தின் மேடை கிழக்குப் பார்த்தது. மேடையில் குறுக்கே படுத்தால் ஒன்று தெற்கு, இல்லாவிட்டால் வடக்கு. நான் இதை இயக்குநரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மறுநாள் வரை யோசித்துவிட்டு, “நீங்க மேற்கே தலை வெச்சு, பார்வையாளர்கள் பக்கம் கால் நீட்டிப் படுங்க. ஜனங்க முதல்ல அந்தத் தாயோட பாதத்தைத்தான் பார்க்கணும். உங்க அத்தைக்கு நல்ல காட்சி உணர்வு இருக்கு” என்றார். நான் இதை வீட்டில் சொன்னபோது மாமியார், “அதென்னமோ, தெக்க வெக்கலையில்ல” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

படுப்பதற்கு ஒரு பெஞ்ச் தேவைப்பட்டது. மண்டபத்துச் சாப்பாட்டு மேசை ஆடியது. என் கணவர் தானாகவே முன்வந்து, பட்டறையில் செய்து தருகிறேன் என்றார். ஒத்திகை முடியப்போகும் நேரத்தில் அது ‘குட்டியானை’ மினி லாரியில் வந்து இறங்கியது. இறக்க நான்கைந்து பேர் வேண்டியிருந்தது. இரும்புச் சட்டம் வைத்துப் பலகையைப் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். போர்வெல் லாரியின் கம்ப்ரசரையே அதன்மேல் தூக்கி வைக்கலாம். விளிம்பு முழுக்க மஞ்சள் பெயின்ட், அதன்மேல் சிவப்பு ரோஜாக் கொடி. கால்மாட்டுப் பலகையில் பெரிய தாமரை. தாமரைக்குக் கீழே, பட்டறைப் பெயின்டர் லாரிக்கு எழுதும் கைப்பழக்கத்தில் எழுதிவிட்டிருந்தார்: சவுண்ட் ஹாரன்.

“அழிச்சுக் குடுத்தர்றனுங்க” என்றார் என் கணவர்.

இயக்குநர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம், “வேண்டாங்க, இருக்கட்டும்” என்றார். அவர் கண் கலங்கியிருந்ததா, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

விழாவின் கடைசி நாள் வந்தது. பந்தி பரிமாறும் கூடத்தில் ஓவியங்களை மாட்டியிருந்தார்கள். எத்தனை ஊதுபத்தி ஏற்றியும் அங்கே ரச வாசனை போகவில்லை. மேடையில் எங்களுக்கு முன்னால் வயலின் கச்சேரி. வயலின்காரருக்குக் கைதட்டல் பலமாகக் கிடைத்ததால், முடித்த பிறகு மறுபடி ஒன்று, அதை முடித்து இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்தது. நான் மேடை ஓரத்தில் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு மூச்சைப் பழகியபடி படுத்திருந்தேன். கச்சேரி முடிந்து இறங்கி வந்த மிருதங்கக்காரர் என்னைப் பார்த்ததும் மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நான் அசையவில்லை. என் நடிப்பில் எனக்கே நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

மேடையின் பின்சுவரில் ஏதோ கல்யாணத்துக்கு ஒட்டிய தெர்மாகோல் மயிலைப் பிடுங்க முடியவில்லை. கறுப்புத் துணி போட்டு மூடினார்கள். தோகை மட்டும் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தது. அதன்கீழே நான் தாமரைக்கு மேல் கால் நீட்டிப் படுத்தேன். திரை விலகியது.

நாடகம் நன்றாகத்தான் போனது. மகன்கள் கத்தினார்கள், மகள் மூக்கைச் சிந்தினாள். எனக்குக் கண் மூடியிருந்ததால் எல்லாம் காதில்தான். மூத்த மகனாக நடித்தவர் ஆத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர். நல்ல கனத்த குரல். அவர் என் தலைமாட்டில் நின்று சொல்ல வேண்டிய வசனம் வந்தது.

“அம்மா நமக்குன்னு என்ன செஞ்சா? காலம் பூரா சும்மாதானே இருந்தா.”

கூட்டத்தில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“ஏனுங்க தம்பி.”

அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இடுப்பிலிருந்த எலுமிச்சம்பழம் சில்லென்று குத்தியது.

“அப்புடிச் சொல்லாதீங்க தம்பி. சும்மாவா இருந்தா? விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு ஊட்டு வேலையெல்லாம் பாத்துப்போட்டு, பஸ்ஸுப் புடிச்சுப் போயி ஊராமூட்டுப் புள்ளைங்களுக்குப் பாடஞ் சொல்லிக் குடுத்துப்போட்டு, பொழுதோட வந்து மறுக்கா அடுப்புல நிக்கறா. நான் காலு ஒடஞ்சு கெடந்தப்ப என்ற சொந்தப் பொண்ணு வந்து எட்டிப் பாத்துட்டு, ஆரஞ்சுப்பழம் வெச்சுட்டுப் போயிட்டா. இவதான் தூக்கி உக்கார வெச்சா. வாயி கொஞ்சம் ஜாஸ்திதான், இல்லேங்கல. கொழம்புக்கு உப்பு ஒருநாளைக்கு ஒரு மாதிரி போடுவா. அது வேற. ஆனா சும்மா இருந்தான்னு மட்டும் சொல்லாதீங்க.”

“அம்மா, உக்காருங்க” என்று என் கணவர் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

“நீயுங் கேட்டுக்க. உனக்குஞ் சேத்தித்தான் சொல்றேன்.”

ஆத்தூர்க்காரர் பாவம், ஒத்திகையில் இப்படி ஒன்று இல்லை. கடைசியில், “நீங்க யாரும்மா?” என்று கேட்டுவைத்தார்.

“மாமியாருங்க” என்றார்.

மண்டபமே கைதட்டியது. எல்லோரும் நாடகத்தில் இதுவும் ஒரு காட்சி என்று நினைத்துவிட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் வாயால் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நான் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், ஆனால் செத்துக் கிடக்கிறேன். கண்ணோரம் தண்ணீர் வழிந்து நேராகக் காதுக்குள் போனது. காது அரித்தது. உப்பை நினைத்ததும் சிரிப்பு வேறு வந்து வயிறு குலுங்க ஆரம்பித்தது. மகளாக நடித்த பெண் கெட்டிக்காரி. “அம்மா” என்று என்மேல் விழுந்து அழுவதுபோல் என் வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். திரை மூடும்வரை விடவில்லை.

நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களில் ஒருவர் இயக்குநரின் கையைப் பிடித்து, கூட்டத்துக்குள்ளேயே ஒரு நடிகையை உட்காரவைத்தது பிரமாதமான உத்தி என்றார். இயக்குநர் மறுக்கவில்லை. மாமியார் என்னிடம் வந்தார். அவர் சொன்னதைப் பற்றி ஏதாவது பேசுவார் என்று நின்றேன்.

“இத்தன நேரம் ஒரு வா தண்ணி குடிக்கல. தலவலி வந்துரும், குடி சாமி” என்று பாட்டிலை நீட்டினார்.

காரில் அவர் வயலினைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் என் கணவர் காபி போட்டார். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விரும்பவில்லை.

அந்த மாதக் கடைசியிலேயே ஈரோட்டில் நாடகத்தை மறுபடி போடக் கூப்பிட்டார்கள். மாமியார் எழுந்து பேசும் காட்சி கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்களாம். இயக்குநர் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாமியார் அவருக்குத் தட்டு நிறைய முறுக்கு வைத்து, அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அங்கயும் அந்தத் தம்பி அதையேதான் சொல்லுமா?”

“ஆமாம்மா, அதே வசனம்தான்.”

“நான் அன்னைக்கு அத்தனை சொன்னதுக்கப்பறமுமா?”

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன். வருவதாக மட்டும் மாமியார் ஒப்புக்கொண்டார்.

ஈரோட்டில் அவருக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். ஆத்தூர்க்காரர் என் தலைமாட்டில் வந்து நின்று வசனத்தைச் சொன்னார். காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். முன்வரிசையில் மாமியார் விசிறிக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. மூன்றாவது முறை ஆத்தூர்க்காரர், “சும்மாதானே இருந்தா, யாராவது இல்லேன்னு சொல்லுங்க பார்ப்போம்” என்று கெஞ்சுவதுபோல் சொன்னார்.

அப்போது ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். என் கணவர்.

“அம்மா அன்னைக்குச் சேலத்துல சொன்னதுதானுங்க” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ஈரோட்டு ஜனங்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குத் தாங்கவில்லை. மகளாக நடிப்பவள் வயிற்றைப் பிடிக்க வருவதற்குள் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். செத்தவள் சிரிப்பதைப் பார்த்து யாரோ வீலென்று அலறினார்கள். இயக்குநர் விளக்கை அணைக்கச் சொல்லி, நாடகம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்.

திரும்பும்போது திருச்செங்கோட்டில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினோம். “ஏனுங்க அத்தை, நீங்க ஏன் எந்திரிக்கல?” என்று கேட்டேன்.

“ஒருக்காச் சொன்னாக் கேக்கோணும். கேக்காத ஆளுகிட்ட மறுக்காப் போயி எதுக்குச் சொல்றது?” என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, “எந்திரிச்சதுதான் எந்திரிச்ச, ரெண்டு வார்த்த சேத்திச் சொல்லியிருக்கலாமில்ல” என்றார்.

என் கணவர் டீயை ஆற்றிக்கொண்டே, “உப்பப் பத்திச் சொல்லலாமுன்னுதான் இருந்தேன். மறந்துபோச்சு” என்றார்.