உச்சிப் பொழுதில் எகிறிய முப்பது காமா

"கப்பல்ல ஏறணும்னு கேக்குறியேம்மா, கரையில ஒரு பாட்டிலைப் பாத்துக்க முடியலையே உன்னால!"

அக்காள்மடத்துப் பனங்காட்டில், ஓலைக்குடிசைக்குள் குனிந்து நின்றுகொண்டு எங்கள் சீஃப் இப்படிக் கேட்டபோது எனக்குக் காதெல்லாம் எரிந்தது. நான் கமுதிப் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரி. வாயை மூடிக்கொண்டு கேட்கிற வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. ஆனாலும் அன்றைக்கு மூடிக்கொண்டேன். கிராஃப் தாள் அவர் கையில் இருந்தது. கோளாறு அதில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாம்பனுக்குச் சாலைப் பாலம் வராத காலம். சீஃப் ரயிலில் வந்து இறங்கி, வேர்க்க விறுவிறுக்க மணலில் நடந்து வந்திருந்தார். அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

எங்கள் வேலை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத்தட்டு, நடுக்கடல் மலைத்தொடர்களில் உருகிய குழம்பாக வெளியே வந்து உறைந்தது. உறைகிற நேரத்தில் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ, அதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். கப்பலுக்குப் பின்னால், காந்தத்தை அளக்கும் மேக்னடோமீட்டரை நீளக் கேபிளில் இழுத்துக்கொண்டு போனால், அந்தப் பதிவைப் படித்து, தட்டு எப்போது பிறந்தது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கணக்குப் போடலாம். வங்கக் கடலின் தட்டு கிழக்கே போய், அந்தமான், சுமத்ரா ஓரத்தில் இன்னொரு தட்டுக்கு அடியில் சொருகிக்கொள்கிறது. 2004 சுனாமி கிளம்பியது அங்கேதான். நான் சொல்கிற காலத்தில் சுனாமி என்ற சொல்லே கரையில் யாருக்கும் தெரியாது.

சூரியனின் பாதிப்பால் பூமியின் காந்தம் ஒரே நாளுக்குள்ளும் ஏறி இறங்கும். நம் தெற்குக் கோடியில் உச்சிப் பொழுதில் அது கொஞ்சம் அதிகமாகவே ஏறும். கப்பல் அளந்ததில் எது பாறையின் காந்தம், எது சூரியனின் சேட்டை என்று பிரிக்க வேண்டுமானால், கரையிலும் ஒரு கருவி அதே நேரத்தில் அளந்துகொண்டிருக்க வேண்டும். அதுதான் பேஸ் ஸ்டேஷன். பேஸ் கெட்டால் கப்பலின் மொத்த ஓட்டமும் வீண்.

கப்பலில் பெண்ணுக்கு இடமில்லை என்று என்னைப் பேஸில் உட்கார வைத்திருந்தார்கள். "ரெக்கார்டு சுத்தமா இருக்கட்டும், அடுத்த ஓட்டத்துக்கு உன் பேரைச் சேக்குறேன்" என்று சீஃப் சொல்லியிருந்தார். அடுத்த ஓட்டம் அந்தமான் பக்கம். தட்டு அடியில் போகிற அந்த இடத்தைக் கரும்பலகையில் பார்த்த நாளிலிருந்து, அதற்கு மேலே ஒரு தடவையாவது மிதக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அதற்காக எந்த மணலிலும் உட்காரத் தயாராக இருந்தேன்.

கிராஃபில் இருந்த கோளாறு இதுதான். உச்சிக்குச் சற்று முன்னால் காந்தத்தின் அளவு முப்பது காமா திடீரென்று எகிறுகிறது. சாயங்காலத்துக்குள் அதே முப்பது காமா தொப்பென்று விழுகிறது. முதலில் பார்த்தபோது, புத்தகத்தில் படித்த உச்சிப் பொழுது ஏற்றம் இதுதான் என்று பூரித்துப்போனேன். ஆனால் இயற்கை படிப்படியாக ஏறும், இப்படித் துள்ளாது.

"நீ ஹேர்பின்னோட சென்சார் பக்கம் போயிருப்ப. வேற என்ன? அடுத்த வாரம் வாரேன். அதுக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா வேற ஆளைப் போடுறேன். கப்பலையும் மறந்துடு" என்று சொல்லிவிட்டு சீஃப் போய்விட்டார்.

ஹேர்பின்னாம்! சென்சார் என்பது, மண்ணெண்ணெய் நிரப்பிய பாட்டிலைச் சுற்றிக் கம்பிச்சுருள் போட்ட ஒரு சாமான். குடிசையிலிருந்து தள்ளி, பனைகளுக்கு நடுவில், ஒரு மரக்கம்பத்தின் உச்சியில் அது இருந்தது. அதற்கு இரும்பு ஆகாது என்பதால் குடிசைக்குக்கூட ஆணி அடிக்காமல் கயிற்றால்தான் கட்டியிருந்தோம். தினமும் உச்சிப் பொழுதில் சென்சாரைப் பார்க்கப் போகும் முன் வாட்ச், கொண்டை ஊசி, சேலையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவேன். அப்படிப்பட்டவளைப் பார்த்து அந்தப் பேச்சு.

கேபிளைக் கழற்றி மாட்டினேன். பேட்டரியை மாற்றினேன். ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி, காற்றில் பறக்காமல் சங்குகளை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ஞாயிற்றுக்கிழமைத் தாள்களில் மட்டும் துள்ளலே இல்லை. சூரியனுக்கு ஏது வார லீவு? அப்படியானால் இது மனுஷ வேலை. அதுவும் ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போகிற மனுஷ வேலை.

மறுநாள் காலை குடிசைக்குப் போகிற மாதிரி போய், சுற்றி வந்து, வடலிப் பனைகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். உச்சிக்குச் சற்று முன்னால் ஜெபமாலை அக்கா வந்தார். அவர் வீட்டுச் சாய்ப்பில்தான் நான் குடியிருந்தேன். அவர் புருஷன் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார், நெஞ்சில் சிலுவை போட்டார், முந்தானைக்குள்ளிருந்து ஒரு வெட்டரிவாளை எடுத்தார். கம்பத்தடியில் சொருகி, மேலே மணலைத் தள்ளி, ஒரு காய்ந்த ஓலையை இழுத்துப் போட்டார்.

"ஏக்கா! என்ன வேலை பாத்துக்கிட்டு இருக்க!" என்று பாய்ந்து வந்தேன். "ஒன்னால என் பொழப்பே போச்சு! இரும்பு ஆகாதுன்னுதானே நான் ஊக்குலேருந்து கழட்டி வைக்கிறேன்?"

"அதத்தான் தாயி நானும் பாக்குறேன்!" அக்கா என்னைவிட உரக்கக் கத்தினார். "கொமரிப்புள்ள, உச்சி வெயிலு, பனங்காடு. கையில பொட்டு இரும்பு இல்ல. இருந்த ஊசியையும் கழட்டிட்டு, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு, நம்பர் நம்பரா முனங்கிக்கிட்டுப் போற. பாத்தவ சும்மா இருப்பாளா? இரும்பு இருந்தா எதுவும் அண்டாதுன்னு வச்சேன். சாயங்காலம் வெறகு வெட்ட வேணும்னு எடுத்துக்கிட்டுப் போனேன். பெத்தவ பக்கத்துல இருந்தா வைக்க மாட்டாளா?"

எனக்குக் கோபம் பாதியில் நின்றுபோய்ச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நின்றதும் அழுகை முட்டியது. அப்புறம் வேலை ஞாபகம் வந்தது.

அரிவாளை அதே இடத்தில் இருக்க விட்டுக் குடிசைக்கு ஓடி ரீடிங் எடுத்தேன். அக்காவிடம் அரிவாளை எடுக்கச் சொல்லி ஒரு ரீடிங். மறுபடி வைக்கச் சொல்லி ஒரு ரீடிங். ஒவ்வொரு தடவையும் அதே முப்பது காமா வித்தியாசம். அக்கா அசந்துபோய்க் கேட்டார்: "அருவா வந்தது அதுக்கு அம்புட்டுத் தூரத்துல தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"பேய் வந்தாலும் காட்டிக் குடுக்குமா?"

"அது காட்டாதுக்கா."

"அப்ப என்ன பெரிய மிசினு!"

மறுநாளிலிருந்து அரிவாள் வரவில்லை. அதற்குப் பதிலாக அக்காவே வந்தார். தாலியில் கோத்திருந்த ஊக்குகளைக் கழற்றி என் வாட்சோடு வைத்துவிட்டு, உச்சி வெயிலில் என் கூடவே நின்றார். கிராஃப் துள்ளாமல் ஓடியது.

அடுத்த வாரம் சீஃப் வந்தார். அக்கா நேராக அவரிடம் போய், "சார், இரும்பு வச்சது நானு. அந்தப் புள்ளையக் கோவிக்காதிய" என்றார். அவர் நம்பவில்லை. அரிவாளை வைத்தும் எடுத்தும் காட்டினோம். முன்பு அக்கா வைத்த நேரமும் எடுத்த நேரமும் பழைய கிராஃப் தாள்களிலேயே தெரிந்தன. இடையில் உள்ள ரீடிங்கிலெல்லாம் முப்பதைக் கழித்தால் போதும், கப்பல் ஓட்டம் தப்பித்தது. சீஃப் நெற்றியைத் தடவிக்கொண்டு, "இதை ரிப்போர்ட்ல என்னன்னும்மா எழுதுறது?" என்றார்.

"அரிவாள் திருத்தம்னு எழுதுங்க சார். அடுத்த ஓட்டத்துக்கு என் பேரையும் எழுதுங்க" என்றேன்.

அவர் இழுத்தார். "கப்பல்ல எல்லாரும் ஆம்பளைங்கம்மா. உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா..."

ஜெபமாலை அக்காவுக்கு வந்ததே கோபம். "ஏன் சார், இந்தப் பேய்க்காட்டுல ஒத்தையில ஒக்கார வச்சப்ப வராத பயம், அம்புட்டுப் பேரு கூட அனுப்பும்போது வருதோ? இது என்ன ஞாயம்?"

சீஃப் கிராஃப் தாளைச் சுருட்டிக்கொண்டே, "சரி, கிளம்புற ஏற்பாட்டைப் பண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ கரைகளில் பேஸ் போட்டேன். என் கீழ் வேலை பார்த்த பிள்ளைகளிடம் சொன்னது ஒன்றுதான்: மண்ணைப் பார்க்கும் முன், கேபிளை விரிக்கும் முன், பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து நீ என்ன செய்யப் போகிறாய் என்று சொல். அவர்களுக்குப் புரிகிறவரை சொல். கருவியைக் கெடுக்க நினைக்கிறவரைத் தடுத்துவிடலாம். உன் மேல் பிரியம் வைத்துக் கெடுக்கிறவரை எந்த வேலியும் தடுக்காது.

தூத்துக்குடியில் கப்பல் ஏற நான் கிளம்பிய அன்று அக்கா பாம்பன் ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். முகம் இருண்டு கிடந்தது. ரயில் நகரப் போகிற நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தாயி, அந்தக் கப்பலு மரமா, இரும்பா?"

"பூராவும் இரும்புக்கா."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்படிச் சொல்லு! இனி எது அண்டும் ஒன்ன? போயிட்டு வா, போ."

அக்கா சிரித்த முகமாகத் திரும்பி நடந்தார். நான்தான் மண்டபம் தாண்டும் வரை அழுதுகொண்டே போனேன்.